அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டும் முன்

மசாஜ், யோகா, அக்குபங்சர் என்று எது நடத்தினாலும் சரி, ஆன்லைன் முன்பதிவு சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டும் முன், இலவச சோதனைக் காலத்திலேயே வாடிக்கையாளர் மாதிரி உங்கள் போனில் ஒரு நேரத்தைப் பதிவு செய்து, பிறகு அதை மாற்றி, கடைசியில் ரத்தும் செய்து பாருங்கள். கணக்கு தொடங்கு, பாஸ்வேர்டு வை என்று உங்களையே படுத்தினால் வருகிறவர்கள் பொறுமையாக இருப்பார்களா என்ன?

அடுத்து இடைவெளி. 60 நிமிட மசாஜுக்கு 60 நிமிடமே ஒதுக்கினால் விரிப்பு மாற்ற, எண்ணெய்க் கையைக் கழுவ நேரம் ஏது? ஒவ்வொரு சேவைக்கும் 10, 15 நிமிடம் என்று தனித்தனியாகச் சேர்க்க வழி இருக்க வேண்டும். சேவை செய்ய ஆள் இரண்டு, அறை ஒன்று என்றால், ஒரு பதிவு விழுந்ததும் அந்த நேரத்துக்கு அறையையும் சேர்த்துப் பூட்டுகிறதா பாருங்கள், கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

‘காலண்டரோடு இணையும்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஐகால் லிங்க் (பதிவுகளை வேறு காலண்டரில் காட்டும் இணைய முகவரி) வழியாக கூகுள் காலண்டரில் சேர்ப்பது ஒருவழிதான்: சாஃப்ட்வேரின் பதிவு அங்கே தெரியும், அங்கே நீங்கள் குறித்தது சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அது புதுப்பிக்கவே பல மணி நேரம் ஆகலாம், அதற்குள் நீங்கள் பல் டாக்டரிடம் போக வைத்திருந்த நேரத்தில் ஒருவர் வந்து வாசலில் நிற்பார். இருவழி இணைப்பு உண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸுக்குச் சிலர் தனிக் கட்டணம் வாங்குவார்கள். அப்புறம், வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் எளிய பட்டியல்) இறக்க முடியாவிட்டால், வேறு சாஃப்ட்வேருக்கு மாறும் நாளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதுதான்.