மட்டக்களப்புக்கு எத்தனை மணித்தியாலம்?

"எத்தின மணிக்கு மனே வந்து சேருவாய்?" என்று அம்மா போனில் கேட்டால், பிளேன் இறங்குகிற நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பிக் கறி ஆக்கி வைத்துவிட்டுப் பொழுதுபடும்வரை கடப்படியில் நிற்பார்கள்.

லண்டனிலிருந்து கொழும்புக்குக் கிட்ட இருக்கும் கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானம் பத்தரை, பதினொரு மணித்தியாலத்தில் கொண்டுவந்து விடும். திரும்பும்போது எதிர்க்காற்று, அதனால் இன்னும் கூட எடுக்கும். ரொறன்ரோவென்றால் 14,000 கிலோமீற்றருக்குக் கிட்ட. டோஹாவிலோ துபாயிலோ மாறி ஏறி வர, பெரும்பாலும் இருபது மணித்தியாலம் தாண்டிவிடும்.

கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்பு முந்நூறு கிலோமீற்றர் அளவுதான். ஆனால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று வான் பிடித்து றோட்டால் வர ஏழு மணித்தியாலம் வேண்டும். இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. குளிர்காலத்தில் லண்டனில் இரவு 9 மணிக்கு ஏறினால், ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தையும் கூட்ட, இறங்கும்போது மறுநாள் பகல் 1 மணி. பெட்டி எடுத்து வெளியே வர இரண்டரை. ஹபரணையைப் பிடிக்கும்போது இருட்டிவிடும். யானை றோட்டுக்கு வருகிற நேரமும் அதுதான்.

நான் ஒருமுறை அப்படி வந்தேன். மின்னேரியாவுக்குக் கிட்ட, வளைவில் ஒரு கொம்பன். வான்காரர் சத்தமில்லாமல் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். அரை மணித்தியாலம். பின் சீற்றில் மாமி வீங்கின காலை நீட்ட இடமில்லாமல் என் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். அந்தப் பிடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. வெலிக்கந்தைப் பக்கமும் இப்படித்தான் யானை வரும். ஆகவே விடியப்புறம் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நீர்கொழும்பில் தங்கி, காலை 4 மணிக்கு வெளிக்கிடுங்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் வந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ரயில் விருப்பமென்றால், உதயதேவி கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 6 மணியளவில் புறப்படுவது வழக்கம். எட்டு ஒன்பது மணித்தியாலப் பயணம். விமானத்தால் இறங்கி நேரே போய்ப் பிடிக்கலாமென்று நினைக்காதீர்கள். மாரியில் வெள்ளம் பாதையை அறுப்பதுண்டு, முதல்நாளே விசாரியுங்கள்.

கல்முனைக்காரர் மட்டக்களப்பிலிருந்து இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். பொத்துவிலுக்கு இந்தப் பாதையே வேண்டாம். 2020இலிருந்து கட்டுநாயக்கவில் ஏறினால் தெற்கே மத்தளை வரை அதிவேகப் பாதைதான். பிறகு வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ.

அம்மாவுக்கு இறங்கும் நேரத்தோடு ஒன்பது மணித்தியாலம் கூட்டிச் சொல்லுங்கள். வாழைச்சேனை தாண்டியதும் ஒரு போன் போடுங்கள். மிச்சம் முப்பது கிலோமீற்றர். உலை வைத்துச் சோறு வடிக்க அவருக்கு நேரம் சரியாக இருக்கும்.