முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்காதீர்கள்: பள்ளி நிர்வாகிகள் ஊரோடு பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை, வீடு வாங்கும்போதே அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக மட்டும் சுருக்கமாக: ஒரு ஊரின் அல்லது பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான் டிஸ்ட்ரிக்ட், நாடு முழுக்க சுமார் 13,000 டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு பள்ளி வாரியம், அந்த வாரியம் வேலைக்கு வைக்கும் சூப்பரின்டெண்டென்ட் என்ற ஒரு தலைமை நிர்வாகி, பணத்தில் பெரும்பங்கு மாநில அரசும் உள்ளூர் சொத்து வரியும் தருவது. ஆக, ஊர் மக்களிடம் பேசுவது இவர்களுக்கு மரியாதை நிமித்தம் செய்யும் காரியம் கிடையாது, வேலையே பாதி அதுதான். பல ஊர்களில் சறுக்கல் நடப்பதும் அங்கேதான்.

கெட்ட செய்தியை மக்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். தங்களுக்குத் தெரியாமல் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்பதைத்தான் தாங்க மாட்டார்கள். கீழே சொல்லப்போகிற தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதிலிருந்து கிளம்புபவைதான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, முடிவை எடுத்துவிட்டு அப்புறம் கருத்துக் கேட்பது. தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பது போன்ற காரியம் இது. சிகாகோவில் 2013 மார்ச்சில் 54 பள்ளிகளை மூடப்போவதாகப் பட்டியல் வந்தது. அங்கே அப்போது வாரியத்தை நியமிப்பதே மேயர்தான். அந்த மேயர் ரஹ்ம் இமானுவேல், பட்டியல் வெளியான நாளில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்தார், ஊரிலேயே இல்லை. அதன் பிறகு கூட்டத்துக்கு மேல் கூட்டம். பெற்றோர் வந்தார்கள், ஆசிரியர்கள் வந்தார்கள், பிள்ளைகளே மைக் முன்னால் நின்று பேசினார்கள். விசாரணை நடத்த அமர்த்தப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதிகளில் சிலர், குறிப்பிட்ட சில பள்ளிகளை மூடக் கூடாது என்றே எழுதிக் கொடுத்தார்கள். மே 22-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது, சுமார் 50 பள்ளிகள் மூடப்பட்டன, பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்தவை. பணப் பற்றாக்குறை உண்மை, காலியாகக் கிடந்த வகுப்பறைகளும் உண்மை. ஆனால் அத்தனை பேர் அத்தனை மணி நேரம் பேசியும் பட்டியலிலிருந்து விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் தப்பின என்றால், எங்களை ஏன் கூப்பிட்டீர்கள் என்று ஊர் கேட்கத்தானே செய்யும்?

அதே நகரத்தின் தெற்குப் பகுதியில் டயட் உயர்நிலைப் பள்ளியைப் படிப்படியாக மூட 2012-லேயே முடிவாகியிருந்தது. அந்தப் பள்ளியை எப்படி நடத்தலாம் என்று அந்தப் பகுதிக்காரர்கள் தாங்களே ஒரு திட்டம் எழுதிக் கையில் வைத்திருந்தார்கள், கேட்க ஆளில்லை. 2015-ல் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த வருடம் பள்ளி திறந்தது, ஆனால் அவர்கள் எழுதிய திட்டப்படி இல்லை. பெற்றோர் சோற்றை விட்டு உட்காரும் அளவுக்குப் போகிறது என்றால், அதற்கு முன்னால் எத்தனை கடிதங்களும் எத்தனை கூட்டங்களும் வீணாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சியாட்டிலில் 2024-ல் நடந்தது வேறு விதமான தடுமாற்றம். சுமார் 20 தொடக்கப் பள்ளிகளை மூடலாம் என்று மே மாதத்தில் எண்ணிக்கை மட்டும் வெளியே வந்தது, எந்தெந்தப் பள்ளி என்று வரவில்லை. நம்ம பள்ளியாக இருக்குமோ என்ற கவலையோடு கோடை விடுமுறை போனது. செப்டம்பரில் இரண்டு விதமான பட்டியல்கள். அக்டோபர் முடிவதற்குள் அது நான்கு பள்ளியாகச் சுருங்கியது. நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. பட்ஜெட்டில் பற்றாக்குறை கிட்டத்தட்ட 10 கோடி டாலர், பள்ளிகளை மூடினால் மிச்சமாவது அதில் ஒரு பகுதிதான். அந்தக் கணக்கை ஊர் நம்பும்படி யாரும் எடுத்துச் சொல்லவே இல்லை என்பது என் எண்ணம். கூப்பர்டினோ, பிளேனோ என்று நம்மவர்கள் நிறைய வாழும் ஊர்களிலும் சமீப வருடங்களில் பள்ளிகள் மூடப்பட்டிருக்கின்றன, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது, இது இன்னும் பல ஊர்களுக்கு வரத்தான் போகிறது. அதனால் இதை இப்போதே சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது சிரமமான காரியமும் இல்லை. ஏற்கெனவே முடிவானது எது, மக்கள் பேசினால் மாறக்கூடியது எது, கடைசியில் வாக்களிக்கப்போவது யார், எந்தத் தேதியில் என்பதை முதல் கூட்டத்திலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். "இரண்டு பள்ளிகளை இணைப்பது உறுதி. எந்த வருடம், எந்தக் கட்டடம், பஸ் உண்டா இல்லையா என்பதெல்லாம் உங்களோடு பேசித்தான் முடிவாகும்" என்று நேராகச் சொன்னால் அன்றைக்குத் திட்டு விழும். விழட்டும். எல்லாமே திறந்து கிடப்பது போல நாலு மாதம் நடித்துவிட்டுக் கடைசி நாளில் வாங்கும் திட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, அதோடு அடுத்த முறை நீங்கள் கூப்பிட்டால் மக்கள் வருவார்கள்.

கருத்தே கேட்காமல் வேகமாகப் போவதும் இதன் உடன்பிறப்புதான். 2021 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியம் 44 பள்ளிகளின் பெயரை மாற்ற முடிவெடுத்தது. கொரோனாவால் அந்தப் பள்ளிகள் அப்போது மூடிக் கிடந்தன. எப்போது திறக்கும் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெயர்ப்பலகை பற்றிய முடிவு வந்தது, அதிலும் சில பெயர்களுக்குச் சொன்ன வரலாற்றுக் காரணங்களே பிழை என்று தெரிந்தது. ஏப்ரலில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். 2022 பிப்ரவரியில் வாரிய உறுப்பினர்கள் மூன்று பேரை மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்தே இறக்கினார்கள். பெயர் மாற்றம் மட்டும் காரணம் இல்லை, ஆனால் ஊர் ஒன்றைக் கேட்க வாரியம் இன்னொன்றைப் பேசியது என்ற கசப்பு அதில் நிறையவே இருந்தது.

சரி, அவசர நேரத்துக்கு வருவோம். இங்கே இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. ஒன்று, எல்லா விவரமும் கைக்கு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பது. ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் 2016 மார்ச்சில் இரண்டு பள்ளிகளின் குடிநீரைச் சோதித்ததில் ஈயம் இருப்பது தெரிந்தது, பெற்றோருக்கு அது தெரிந்தது மே மாதக் கடைசியில். இடைப்பட்ட வாரங்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பொருள், இதில் ஒரு நாள் தாமதமே அதிகம். சூப்பரின்டெண்டென்ட் கரோல் ஸ்மித் அந்த ஜூலையில் பதவியிலிருந்து விலகினார்.

இன்னொன்று, தெரியாததைத் தெரிந்தது போல அடித்துச் சொல்வது. லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்டின் கணினிகளை 2022 செப்டம்பரில் ஒரு கும்பல் முடக்கிப் பணம் கேட்டது. அக்டோபரில் தகவல்கள் இணையத்தில் கொட்டப்பட்டபோது, பிள்ளைகளின் உளவியல் மதிப்பீடுகள் பெரிதாக வெளியானதற்கு அறிகுறி இல்லை என்ற தொனியில்தான் நிர்வாகம் பேசியது. அடுத்த பிப்ரவரியில் சுமார் 2,000 மாணவர்களின் மதிப்பீடுகள் வெளியாகிவிட்டன என்று அதே டிஸ்ட்ரிக்ட் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. முதல் வாரத்தில் யாருக்கும் முழு விவரம் தெரியாது என்பது பெற்றோருக்கும் புரியும். "இதுவரை தெரிந்தது இது, இது இன்னும் தெரியவில்லை, நாளை மாலை 5 மணிக்கு அடுத்த தகவல் தருகிறோம்" என்று எழுதுங்கள். நாளை மாலை 5 மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒன்றுமில்லை என்றாவது எழுதுங்கள். ஏதோ ஆபத்தால் பிள்ளைகளை உள்ளே வைத்தே பள்ளியைப் பூட்டும் நிலை வந்தால் முதல் வாக்கியத்திலேயே பிள்ளைகள் பத்திரமா என்பது இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

தவறு நடந்துவிட்டால் யார் முன்னால் வந்து நிற்கிறார்கள் என்பதையும் ஊர் பார்க்கும். கென்டக்கியின் லூயிவில் நகரில் 2023 ஆகஸ்ட் 9, பள்ளி திறந்த முதல் நாள். ஓட்டுநர் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கணினி வைத்துப் பஸ் வழித்தடங்களை மாற்றியிருந்தார்கள், கடைசிப் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்தபோது இரவு மணி கிட்டத்தட்ட 10. பிள்ளை எங்கே, எந்த பஸ்ஸில் என்று தெரியாமல் பெற்றோர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. சூப்பரின்டெண்டென்ட் மார்ட்டி போலியோ தானே கேமரா முன் வந்து மன்னிப்புக் கேட்டார், பள்ளிகளை ஒரு வாரத்துக்கு மேல் மூடி வழித்தடங்களைச் சரிசெய்தார்கள். அவர் நேரில் வந்து நின்றது சரி. அன்று இரவு 7 மணிக்குப் பெற்றோருக்கு வேண்டியிருந்தது வேறு, பிள்ளை ஏறிய பஸ் எங்கே நிற்கிறது என்ற ஒரே ஒரு தகவல்.

இனி கடிதங்கள். இவற்றைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை 4.50-க்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வையுங்கள்: "அன்பார்ந்த குடும்பத்தினருக்கு, நமது மாணவர்களின் சிறப்பான கற்றல் அனுபவத்துக்கு நாம் கொண்டுள்ள உறுதியின் தொடர்ச்சியாக, சேவைத் திறனை மேம்படுத்தும் நோக்கில், போக்குவரத்தில் சில மாற்றங்கள் மேற்கொள்ளப்படுகின்றன..." இப்படியே மூன்று பத்தி போகும். கூடவே ஒரு பிடிஎஃப், அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை, அதில் உங்கள் வீட்டுப் பக்கத்து பஸ் நிறுத்தம் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: "திங்கள் முதல் 14-ஆம் எண் பஸ் ஓக் தெருவில் நிற்காது. பக்கத்து நிறுத்தம் இரண்டு தெரு தள்ளி மேப்பிள் தெருவில், காலை 7.35. காரணம், ஓட்டுநர்கள் போதவில்லை. உங்கள் பிள்ளையால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், ஞாயிறு மாலை 6 வரை ஆள் இருப்பார்." அவ்வளவுதான். யார் செய்தார்கள் என்று தெரியாதபடி "மேற்கொள்ளப்படுகின்றன" என்று முடிக்கும் வாக்கியத்தைப் பார்த்ததுமே படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். வார இறுதி தொடங்கும் நேரத்தில் கெட்ட செய்தியை அனுப்பிவிட்டு அலுவலகத்தைப் பூட்டுவதும் அப்படித்தான், கேள்வி கேட்க ஆள் இல்லாத நேரம் பார்த்து அனுப்பியதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

மொழி விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வரும் கடமை இது, ஆங்கிலம் சரியாகத் தெரியாத பெற்றோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். 2015-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டலில், பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள் என்றும் இருந்தது. கலிபோர்னியாவில் ஒரு பள்ளியின் பிள்ளைகளில் 15 சதவீதமோ அதற்கு மேலோ ஆங்கிலம் அல்லாத ஒரே தாய்மொழிக்காரர்கள் இருந்தால் அறிவிப்புகள் அந்த மொழியிலும் போக வேண்டும். தமிழ் அந்த அளவைத் தொடும் பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும், பஸ் நிறுத்தத்தில் பேரனைக் கூட்டிப்போக நிற்பது ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்த தாத்தா, பனிப்பொழிவால் பள்ளி சீக்கிரம் விடுகிறது என்ற குறுஞ்செய்தி போவது ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் அப்பாவின் போனுக்கு. ஒரு பிள்ளைக்கு இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்ள வசதி தருவது, செய்தியைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவது, இவை இரண்டுமே போதும், கணினி மொழிபெயர்த்தாலும் பெரும்பாலும் தப்பாகாது.

வாரியக் கூட்டத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா வேலைக்கு லீவு போட்டு வந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, இரண்டு நிமிடம் பேசுகிறார். மேடையில் இருப்பவர்கள் கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்கள். கலிபோர்னியாவில் இதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. 72 மணி நேரத்துக்கு முன் வெளியிட்ட நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை வாரியம் விவாதிக்கக் கூடாது. ஆனால் அதே சட்டம் சுருக்கமாகப் பதில் சொல்லவும், விளக்கம் கேட்கவும், ஊழியர்களிடம் ஒப்படைக்கவும் இடம் கொடுக்கிறது. "இதை இன்று எங்களால் விவாதிக்க முடியாது, காரணம் இது. போக்குவரத்து அதிகாரி பின்னால் இருக்கிறார், இப்போதே உங்களிடம் பேசுவார்" என்று சொல்ல பத்து விநாடி ஆகுமா? அந்தப் பத்து விநாடி இல்லாததால் எத்தனை பேர் இனி வரவே கூடாது என்று முடிவுசெய்து வீட்டுக்குப் போகிறார்கள்.

அதேபோல, கருத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்பினால் முடிவையும் அனுப்புங்கள். எத்தனை பேர் எழுதினார்கள், என்ன சொன்னார்கள், அதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை, ஒரு பக்கம் போதும்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. டிஸ்ட்ரிக்ட் அலுவலகம் மாலையில் ஆயிரக்கணக்கான பெற்றோருக்குக் கடிதம் அனுப்பிவிடும். மறுநாள் காலை 7.30-க்குப் பள்ளி அலுவலகத்தில் போன் அடிக்கும், எடுப்பவர் அங்கே பல வருடமாக இருக்கும் செயலாளர். அவருக்குக் கடிதம் வந்ததே தெரியாது. வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் பஸ் ஓட்டுநருக்கும் தெரியாது, வகுப்பாசிரியருக்கும் தெரியாது. பெற்றோர் சூப்பரின்டெண்டென்ட் எழுதியதை ஒரு முறை படிப்பார்கள், இந்த மூன்று பேரிடமும் தினமும் பேசுவார்கள். அதனால் கடிதம் வெளியே போவதற்கு ஒரு நாள் முன்பே அது இவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், பெற்றோர் கேட்கப்போகும் ஐந்தாறு கேள்விகளும் பதில்களும் ஒரு தாளில் கூடவே இருக்க வேண்டும், அதில் பதில் இல்லாத கேள்விக்கு யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணும் இருக்க வேண்டும்.