எட்டுப் பள்ளி வேண்டாம், நாலு போதும்

முதல் தடவை நான் ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்திப் போகிற ஆட்டம், நடத்த உட்கார்ந்தபோது மந்திரப் பள்ளிகளைப் பற்றி மட்டுமே நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். நெருப்பு, நீர், காற்று, நிழல் என்று மொத்தம் எட்டுப் பள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு நிறம், தொடங்கி வைத்த மகான், அவர் தொடங்கிய ஆண்டு. ரங்கூனில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அன்று வழக்கம்போல கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தியைச் சுற்றி மாமா பிள்ளைகள் மூன்று பேர், எதிர்வீட்டுப் பர்மியப் பையன் ஒருவன். தமிழும் பர்மியும் கலந்துதான் எங்கள் ஆட்டம் ஓடும். முழுவதையும் வாசித்து முடித்து நிமிர்ந்தேன். மாமா மகன் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணே, இதுல எது சோறு போடும்?"

எல்லாரும் சிரித்தார்கள், எனக்குக் கோபம். ஆனால் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பதில் உண்மையாகவே இல்லை. அந்த நெருப்பு மந்திரவாதி காலையில் எழுந்து என்ன செய்வான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், எதைத் தொட மாட்டான், அவனுக்குப் பெண் கொடுக்க யாராவது வருவார்களா, ஒன்றுமே எழுதவில்லை. கொடியின் நிறம் மட்டும் தெளிவாக இருந்தது.

அதனால் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பள்ளியை எழுத உட்கார்ந்தால், அது மந்திரவாதிக்கு என்ன கொடுக்கிறது என்பதற்கு முன்னால் அவனிடமிருந்து என்ன வாங்குகிறது என்று எழுதுங்கள். விலை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

சரி, பள்ளிகளை எப்படிப் பிரிப்பது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபலமான ஆர்பிஜியில் எட்டுப் பிரிவு: காப்பு, வரவழைப்பு, குறி சொல்வது, மனதை மயக்குவது, நெருப்பும் மின்னலும் எறிவது, மாயத்தோற்றம், பிணவித்தை, உருமாற்றம். மந்திரம் போட்டால் என்ன நடக்கும் என்பதை வைத்துப் பிரித்தது அது. நம்ம மாந்திரீகத்திலும் எட்டு உண்டு, அஷ்டகருமம் என்பார்கள்: வசியம், மோகனம், தம்பனம், ஆகர்ஷணம், உச்சாடனம், பேதனம், வித்துவேடணம், மாரணம். இது மந்திரம் போடுகிறவனுடைய எண்ணத்தை வைத்துப் பிரித்தது. யாரை மயக்க, யாரைக் கட்ட, யாரை விரட்ட, யாரைக் கொல்ல. பெயர்களை வாசிக்கும்போதே வழக்குக்கு வந்த ஆட்களின் முகம் தெரிகிறது, இல்லையா.

இங்கே பர்மாவில் மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. சித்தர் மாதிரி சக்தி அடைந்தவர்களை வெய்ஸா என்பார்கள். பாலி மொழியின் விஜ்ஜாதான் அப்படி மாறியது, நம் வித்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர்களை எதைக் கொண்டு சித்தி அடைந்தார்கள் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள்: எண்கட்டம், பாதரசம், இரும்பு, மருந்து. அதாவது கருவியை வைத்து. ஆட்டத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கருவி என்றால் தொலையும், திருடுபோகும், தீர்ந்துபோகும், அடகுக்குப் போகும். நெருப்புச் சக்தியை யாராவது அடகு வைக்க முடியுமா?

பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி என்ற சொல்லைத் தைரியமாகப் பயன்படுத்துங்கள், கரும்பலகை ஞாபகம் வரும் என்று பயப்பட வேண்டாம். பழைய தமிழில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம்தான் பள்ளி. பர்மியிலும் சௌங் என்ற ஒரே சொல் மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும். ஆகவே உங்கள் மந்திரப் பள்ளியைக் கோபுரம் வைத்த கோட்டையாக நினைக்காமல், ஒன்பது பேர் பாய் விரித்துத் தூங்குகிற, ஒரு சமையல்காரி திட்டிக்கொண்டே இருக்கிற, வாசலில் ஒரு சொறிநாய் படுத்திருக்கிற இடமாக நினைத்துப் பாருங்கள். எழுத வரும்.

எண்கட்டப் பள்ளி

இதுதான் என் செல்லப் பிள்ளை. கொஞ்சம் நீளமாகச் சொல்வேன். பர்மியர் இன் என்று சொல்கிற கட்டத்தையும் நம்ம தகட்டு யந்திரத்தையும் சேர்த்துச் செய்தது. மூன்றுக்கு மூன்று கட்டம், ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து. மேல் வரிசை 8, 1, 6. நடு வரிசை 3, 5, 7. கீழ் வரிசை 4, 9, 2. நடுவில் எப்போதும் ஐந்துதான் வரும், மூலைகளில் எப்போதும் இரட்டைப்படை எண்கள்தான். இந்தக் கட்டத்தைத் திருப்பியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றியும் எழுதினால் மொத்தம் எட்டு வடிவம் கிடைக்கும், ஒன்பதாவது கிடையாது.

இந்த எட்டை வைத்து என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு மந்திரமாக்கினேன். பர்மிய வாரத்துக்கும் எட்டு நாள்தானே. புதன்கிழமையை மட்டும் காலை, மாலை என்று இரண்டாக வெட்டி, மாலையை ராகுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவில் எட்டுத் திசையிலும் எட்டு நாளுக்கு மேடை இருக்கிறது, அவரவர் பிறந்த நாளின் மேடையில் நின்று சிலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். திங்களுக்குப் புலி, சனிக்கு நாகம், புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, புதன் மாலைக்குத் தந்தமில்லாத யானை. என் விதி: மந்திரவாதி தான் பிறந்த நாளின் வடிவத்தைத்தான் பயமில்லாமல் எழுதலாம். மற்ற ஏழும் எழுதத் தெரியும், எழுதினால் கடிக்கும்.

எழுதுவதை ஆட்டக்காரர் நிஜமாகவே எழுத வேண்டும். "நான் யந்திரம் வரைகிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டுப் பகடை உருட்டுவது செல்லாது. வெள்ளைத் தாளும் பென்சிலும் கையில் கொடுத்து, மேல் இடது மூலையிலும் மேல் வலது மூலையிலும் என்ன எண் என்று மட்டும் நான் சொல்வேன், அப்புறம் சத்தமாகப் பத்து எண்ணுவேன். முதல் நாள் எதிர்வீட்டுப் பையன் ஆறு எண்ணும்போது மூன்றாவது கட்டத்தில் பென்சில் முனையை உடைத்துவிட்டு, நகத்தால் கீறி மிச்சத்தை எழுதி முடித்தான். கூட்டிப் பார்த்தோம், பதினைந்து. சுற்றி இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு அம்மா மேலே வந்துவிட்டார். எந்தப் பகடையும் அந்தச் சத்தத்தைத் தராது.

இந்தப் பள்ளி வாங்கும் விலை நேரம். சண்டையில் மற்றவர்கள் ஓடும்போது இவன் உட்கார்ந்து எழுத வேண்டும், யாராவது முன்னால் நின்று அடி வாங்க வேண்டும்.

பாதரசப் பள்ளி

நம் சித்தர்களின் ரசமணியும் பர்மியரின் தாதுக் குண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பாதரசத்தைக் கட்டி உருண்டையாக்கி, உலையில் திரும்பத் திரும்பச் சுட்டு வலுவேற்றுவது. இந்தப் பள்ளி தின்பது கரி, பொன், உடம்பு. பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தால் கை நடுங்கும், குணம் மாறும், காரணமில்லாமல் கோபம் வரும், இது மந்திரமில்லை, நிஜம். ஆகவே ஒவ்வொரு முறை உலை மூட்டும்போதும் ஒரு நடுக்கப் புள்ளி. ஐந்து சேர்ந்தால் அந்த ஆட்டக்காரர் இடது கையால்தான் பகடை உருட்ட வேண்டும். பத்து சேர்ந்தால் அவருடைய பாத்திரம் சொல்வதில் ஒன்று பொய், எது என்று அவருக்கே தெரியாது.

ஒரு பள்ளியை அறிமுகப்படுத்தும்போது விளக்கம் வாசிக்காதீர்கள், உள்ளே நடக்கிற ஒரு பேச்சைக் காட்டுங்கள். நான் காட்டியது:

"சயா, கரி தீர்ந்துபோச்சு."
"இருக்கிறது எவ்வளவு நேரம் தாங்கும்?"
"விடியறவரைக்கும் தாங்காது, சயா."
"அப்ப என் பெட்டியை எடுத்துட்டு வா. உங்கம்மா வளையல் அதுலதான் இருக்கு, தெரியும்ல?"

இதற்கு மேல் பாதரசப் பள்ளியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. பையன் குருவைச் சயா என்கிறான், இங்கே வாத்தியாருக்கும் வைத்தியருக்கும் அதுதான் மரியாதைச் சொல். உங்கள் உலகத்தில் சீடன் குருவை என்னவென்று கூப்பிடுவான், குரு அவனை நீ, வா, போ என்பாரா நீங்க என்பாரா, பெண் குருவானால் ஆத்தாவா அம்மாவா, இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதி உலகம் அதிலேயே அமைந்துவிடும்.

இரும்புப் பள்ளி எளிது. பர்மியக் கதையில் தகௌங் ஊரின் கொல்லன் ஒருவன், பலசாலி, அவனுக்குப் பயந்த அரசன் மரத்தில் கட்டி எரித்துவிட, அவன் நாட் என்ற காவல்தெய்வமானான். பர்மியர் வீடுகளில் அவனுக்காகத் தேங்காய் தொங்கவிடுவார்கள். நாம் உடைப்போம், அவர்கள் தொங்கவிடுவார்கள்! அதிலிருந்து எடுத்த விதி: இரும்பு மந்திரவாதியின் உயிர் அவன் வீட்டில் தொங்கும் ஒரு தேங்காயில் இருக்கிறது, இளநீர் வற்றுவதற்குள் காயை மாற்ற வேண்டும், எவனாவது உடைத்துவிட்டால் கதை முடிந்தது. எதிரிகள் வாளோடு வருவதை விட்டுவிட்டுக் கவட்டையோடு வருகிறார்கள்.

மருந்துப் பள்ளியை நான் வைக்கவில்லை. குணமாக்கும் ஆள் கூடவே இருந்தால் யாருக்கும் சாவு பயம் இருப்பதில்லை, ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் நம்ம கதையை வைத்தேன்.

பேரேட்டுப் பள்ளி

ரங்கூன் முகல் தெருவில் வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது தங்கித் தொழில் பார்த்த பொதுக் கட்டடங்கள், இருந்த காலத்தில், நடப்பு வட்டி எவ்வளவு என்பதை மாதாமாதம் கோயிலில் கூடி முடிவு செய்வார்கள். சாமி முன்னால் வட்டி! அப்படியே தூக்கி ஆட்டத்துக்குள் போட்டேன். இந்தப் பள்ளியின் மந்திரவாதிக்குச் சொந்தச் சக்தி கிடையாது. மற்ற மூன்று பள்ளிகளிடமும் வாங்குவான், விற்பான், கடன் கொடுப்பான். மேசையில் ஒரு நோட்டு, அதுதான் பேரேடு. யார் வேண்டுமானாலும் அதில் கையெழுத்துப் போட்டு இல்லாத சக்தியை இப்போதே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் எல்லாரும் கைதூக்கி அன்றைய வட்டியை முடிவு செய்வார்கள். கடன்பட்டவன் வட்டியைக் குறைக்கச் சொல்வான், கொடுத்தவன் ஏற்றச் சொல்வான், பகடை உருளும் முன்பே பாதிச் சண்டை முடிந்திருக்கும்.

நான்கு பள்ளிக்கும் பொதுவாக இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, விலக்கு. நாட் தெய்வங்கள் குடியிருப்பதாக நம்பும் போப்பா மலைக்குப் பன்றி இறைச்சி எடுத்துப் போகக் கூடாது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், பஸ்ஸில் போகிறவர் பையைக்கூட ஒரு தரம் சரிபார்த்துக்கொள்வார். அந்த மாதிரி ஒரே ஒரு விலக்கு, அன்றாடம் குறுக்கே வருவதாக இருக்க வேண்டும். இரும்புக்காரன் சமைத்த அரிசியைக் கையால் தொடக் கூடாது என்று வைத்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே.

இரண்டாவது, மந்திரம் பிசகும் வாய்ப்பு. இருபது பக்கப் பகடை இல்லாவிட்டால் தாயக்கட்டை போதும். இரண்டு கட்டையில் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எங்கள் ஆட்டத்தில் தாயம் விழுந்தால் மந்திரம் பலிக்கும், ஆனால் போட்டவன்மேல்.

ஒரு எச்சரிக்கை. வெய்ஸாக்களும் நாட் தெய்வங்களும் இங்கே கதையில் மட்டும் இருப்பவர்கள் இல்லை, பக்கத்து வீட்டில் கும்பிடுகிறார்கள். போபோ அவுங் என்ற வெய்ஸாவைப் பற்றி ஒரு கதை உண்டு: 1782 முதல் 1819 வரை ஆண்ட போதவ்பயா அரசன் முன்னால் வட்டமான ஓர் எழுத்தை எழுதி, முடிந்தால் அழி என்றாராம், அழிக்க அழிக்க அது இரண்டாக, நாலாகப் பெருகிக்கொண்டே போயிற்றாம். நான் அவரையே ஒரு பாத்திரமாக வைத்திருந்தேன். எதிர்வீட்டுப் பையன் மெதுவாகச் சொன்னான், "எங்க வீட்டுச் சாமி மேடையில அவர் படம் இருக்கு, அண்ணே." அன்றே பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். அழியாத எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், அது இப்போது பேரேட்டுப் பள்ளியில் இருக்கிறது. அவர்களுடைய நோட்டில் எழுதிய கடனை அழித்தால் இரண்டாகும்.

சோறு போடுமா என்று கேட்டானே, அந்த மாமா மகன் இப்போது அந்த நோட்டில் பதினொரு புள்ளி கடன். போன வாரம் நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ரப்பரை எடுத்து லேசாகத் தேய்த்திருக்கிறான். இருபத்திரண்டு.