டேபிள் ஃபேன் புயலும் ஈர்க்குச்சிக் குடிசையும்

கடலூரில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகளிடம் பொறியியல் என்றால் அக்கா படிக்கும் காலேஜைச் சொல்வார்கள். அதனால் முதல் நாளே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: "தானே புயல்ல நம்ம தெருவுல எந்தக் கூரை பறந்துது, எது நின்னுது? பாட்டியைக் கேட்டுட்டு வாங்க." 2011 டிசம்பர் 30 காலை இங்கே பலருக்கு மறக்காது.

மறுநாள் நாலு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் 30 ஈர்க்குச்சி, 4 செய்தித்தாள், 2 மீட்டர் நூல், சைக்கிள் டியூபை மெலிதாக வெட்டிய 20 வளையம், அடியில் வைக்க ஓர் அட்டை. அவ்வளவுதான், கூடுதல் கிடையாது. பசை வேண்டாம். நான் கொடுத்துப் பார்த்தேன், காய்வதற்குள் மணி அடித்துவிட்டது.

டேபிள் ஃபேன் காற்றுக்கு நிற்கிற மாதிரி ஒரு ஜாண் உயரக் குடிசை, வாசல் திறந்தே இருக்க வேண்டும். 5 நிமிடம் படம் போடட்டும், 25 நிமிடம் கட்டட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இதுதான் நமக்குக் கஷ்டம்.

அட்டையின் ஓரங்களில் செங்கல் வைத்து, மூன்றடி தள்ளி ஃபேனைப் போடுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் அரை நிமிடம். பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும். புயலின் நடுவிலிருக்கும் கண் கடந்துபோன ஊரில் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும், பாட்டிகள் சொல்லியிருப்பார்கள்.

பெரும்பாலும் பறக்கும். சிரித்து முடிக்கட்டும், பிறகு எப்படிப் போனது என்று கேளுங்கள்.

குடிசை சாய்ந்ததா? நாலு குச்சியில் ஒரு சதுரம் கட்டி மூலையைத் தள்ளச் சொல்லுங்கள், கோணிக்கொள்ளும். குறுக்கே ஒரு குச்சி கட்டினால் இரண்டு முக்கோணம். குச்சி ஒடியாமல், கட்டு நழுவாமல் முக்கோணம் உருமாறாது.

கூரை மட்டும் போனதா? இது சுவையான இடம். வாசல் வழியே நுழைந்த காற்று உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. கூரைக்கு மேல் ஓடும் காற்று வெளியிலிருந்து இழுக்கிறது. கூரையைச் சுவரோடு கட்ட மறந்திருப்பார்கள். சில குழு அதைக் கட்டியிருக்கும், சுவரைத் தரையோடு கட்ட மறந்திருக்கும்; அப்போது குடிசையே கிளம்பிவிடும். "நூலைப் பிடிச்சுக்கிட்டே தரைவரைக்கும் போக முடியுதா பாரு" என்று சொன்னால் போதும். அட்டையில் துளை போட்டு அடியில் முடிச்சுப் போடுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாலு பக்கமும் சரியும் கூரையை யாராவது போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது கட்டுமானத்துக்கு இன்னொரு பீரியட் வாங்கிவிடுங்கள். அதில் ஒரே ஒரு மாற்றம்தான் அனுமதி, அப்போதுதான் எது கைகொடுத்தது என்று தெரியும். மறுபடி பறந்தால் மார்க் குறைக்காதீர்கள்; எந்த முடிச்சு முதலில் அவிழ்ந்தது என்று நோட்டில் எழுதட்டும்.