சாய்ந்த தென்னைக்கு ஒரு நிகழ்வு: தோப்பில் நடத்துவது எப்படி

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத் தோப்புகள் அப்படியே சாய்ந்தன. “பெத்த பிள்ளை சோறு போடாட்டாலும் வச்ச தென்னம்பிள்ளை சோறு போடும்” என்றிருந்த வீடுகளில் அது பயிர்ச்சேதம் அல்ல, சாவு. அந்த இழப்பை ஊர்க்காரர்களே உடலாலும் ஓசையாலும் நிகழ்த்த, 2 மணி நேரப் பயிற்சிகள் பத்து போதும். நிகழ்வு 25 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

முதல் இரண்டு பயிற்சியும் மரத்தைப் பார்ப்பதற்கே. முறிந்த முருங்கையும் பூவரசும் துளிர்த்துவிடும். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து; அது போனால் மரம் போயிற்று. அதனால் விழுந்தவர் துள்ளி எழும் முடிவு இங்கே பொய். பார்க்க வந்த விவசாயிக்கு அது உடனே தெரியும். தண்டின் வளையங்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொன்றும் ஒரு மட்டை விழுந்த தழும்பு. கையை மேலே விரித்து மரமாக நிற்பதைவிட, கணுக்காலிலிருந்து தோள்வரை உள்ளங்கையால் அந்த வளையங்களை மெல்லத் தடவிக்கொண்டு போவது நன்றாகப் பேசும்.

ஒன்பது பேரை 3 வரிசையில், 25 அடி இடைவெளியில் நிறுத்துங்கள். தென்னை நடும் இடைவெளியே அது. பார்வையாளர்கள் நடுவில் உட்காரட்டும். காய் பறித்து, காய்ந்த மட்டை கழித்த தோப்பாகத் தேர்ந்தெடுங்கள். மாலை 5 மணிக்குத் தொடங்கி இருட்டுமுன் முடியுங்கள். புயல் வந்தது இருட்டில்.

காற்றுக்கு ஒலிபெருக்கி வேண்டாம். பதிவு செய்த புயல் சத்தம் சிலரை அந்த இரவுக்கே கொண்டுபோய்விடும். மூச்சு, மண்ணில் இழுபடும் காய்ந்த மட்டை, வாகை நெற்று போதும். வாகை நெற்றின் ஒலியைக் கயிற்றில் ஆடுவோரின் பறையோடு சங்கப் பாடலே ஒப்பிட்டிருக்கிறது. காற்றுப் பகுதி 2 நிமிடம். அது வரப்போகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

விழுவதில்தான் அடிபடும். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும். முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தி, கெண்டைக்கால், தொடை, புட்டம், முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாகத் தரை தொட வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். அரை அடி மணல் பரப்பி, குந்திய நிலையிலிருந்து பழகுங்கள். பிறகு 20 எண்ணுவதற்குள் மெதுவாக விழலாம். தூரோடு சாய்ந்த மரம் ஒரு விதம், நடுவில் முறிந்தது வேறு விதம். மூட்டுவலி உள்ளவர் நின்றபடியே தலையைத் தொங்கவிட்டால் முறிந்த மரம்.

ஒருவர் விழுந்த இடத்தை இன்னொருவர் நிரப்பக் கூடாது. அந்த வெற்றிடத்தை 3 நிமிடம் எல்லோரும் பார்க்கட்டும். நடிப்பவர்களுக்கு இது தாங்காது, அசைந்துவிடுவார்கள். அதிகம் ஒத்திகை வேண்டியது இதற்குத்தான்.

அடுத்து ஒப்பாரி, மரத்துக்கு மட்டும். சொந்தச் சாவைப் பாடும்படி யாரையும் கேட்காதீர்கள். பாடுகிறவர் குரல் உடைந்தால் அடுத்த அடியை யார் எடுப்பது என்று முன்பே பேசிவைத்திருங்கள். அப்போது அவர் அழலாம், பாட்டு நிற்காது.

கடைசியில் விழுந்தவர் எழ வேண்டாம். ஒரு தென்னம்பிள்ளை பக்கத்தில் வந்தால் போதும். நெட்டை ரகம் காய்க்க 6 முதல் 8 ஆண்டு ஆகும். அதை ஒருவர் உரக்கச் சொல்லட்டும். கோடையில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று முடிவாகாமல் அதை நடாதீர்கள்.

முடிந்ததும் நடித்தவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மணலைத் தட்டி, சுக்குக்காபி குடித்து, அரை மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள். பார்த்தவர்களும் பேசுவார்கள், இடையில் புகுந்து ஆறுதல் சொல்லாமல் கேளுங்கள். அதன்பிறகும் தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐக் கொடுத்து, முதல் அழைப்பின்போது கூட இருங்கள்.