பின்னல் வெறும் அலங்காரமன்று: பிரம்பு நாற்காலி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்கேல் தோனெட் 1859-இல் உருவாக்கிய காபிக் கடை நாற்காலி, மார்செல் பிராயர் 1928-இல் வளைந்த எஃகுக் குழாயில் அமைத்த நாற்காலி, 1950-களில் சண்டிகருக்காகப் பியர் ழான்னரே தேக்கில் வடிவமைத்த நாற்காலி ஆகிய மூன்றிலும் சட்டம் வெவ்வேறு. ஆனால் உட்காருபவரின் எடையைத் தாங்குவது இழுத்துப் பின்னிய பிரம்புதான். இன்று பிரம்புப் பின்னலை மீண்டும் கையிலெடுக்கும் வடிவமைப்பாளர்கள் பலர், சட்டத்தை முழுமையாக வரைந்து முடித்த பிறகு, எஞ்சிய வெற்றிடத்தை நிரப்பும் பொருளாகப் பின்னலைக் கருதுகிறார்கள். பெரும்பாலான பிழைகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

நனைத்துப் பின்னிய பிரம்புப் பட்டை காயும்போது இறுகி, சட்டத்தின் நான்கு பக்கங்களையும் உள்நோக்கி இழுக்கும். படத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காகச் சட்டத்தை மெலிதாக்கி, மூலைகளைத் திருகாணியால் மட்டும் இணைத்தால், அந்த இழுவையும் உட்காருபவரின் எடையும் சேர்ந்து நாளடைவில் மூட்டுகளைத் தளர்த்திவிடும். இருக்கைச் சட்டத்துக்குத் துளையும் நாக்குமாகச் செதுக்கிப் பொருத்திய இணைப்பே ஏற்றது.

பட்டைகளைக் கோக்கச் சட்டத்தில் இடும் துளைகளில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. நீளவாக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு எனப் பட்டைகள் செல்லும் வழக்கமான பின்னலில் ஒரே துளைக்குள் பல பட்டைகள் நுழைய வேண்டும். ஆகவே 3 மி.மீ. அகலப் பட்டைக்கு ஏறத்தாழ 6 மி.மீ. துளையும், மையத்துக்கு மையம் 19 மி.மீ. இடைவெளியும் தேவை. இடைவெளியைக் குறைத்தால் பின்னல் நெருக்கமாகும் என்று எண்ணித் துளைகளை நெருக்கினால், மரத்தின் இழையோட்டத்தில் அவை வரிசையாக அமைந்து, சட்டம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். துளையின் வாயையும் சட்டத்தின் உள்விளிம்பையும் மழுக்காமல் விட்டால், ஒவ்வொரு முறை உட்காரும்போதும் கூரான மரம் பட்டையை அறுத்துக்கொண்டே இருக்கும். அகன்ற இருக்கைக்கு அடியில் குறுக்குச் சட்டம் கொடுப்பவர்கள், எடை ஏறும்போது தாழும் பின்னல் அதில் உரசாதபடி போதிய இடைவெளி விட வேண்டும்.

எல்லா இயற்கை இழையையும் ஒன்றாகக் கருதுவது மற்றொரு பிழை. தாமிரபரணிக் கரையின் பத்தமடைப் பாய் மெல்லிய கோரையால் நெய்யப்படுகிறது. தரையின் முழு ஆதரவோடு படுப்பதற்காக உருவானது அது. அதை வெற்றுச் சட்டத்தில் இழுத்துக் கட்டி இருக்கையாக்கினால், விளிம்பில் மடியும் இடத்தில் கோரை முறிந்துவிடும். கட்டிலின் தலைமாட்டுப் பலகை, அலமாரிக் கதவு, தடுப்புத் திரை ஆகியவற்றில், பலகையின் மேல் மடிப்பின்றிப் பதிக்கும்போதுதான் அந்த நெசவின் நேர்த்தி வீணாகாமல் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

பளபளப்புக்காகப் பாலியூரிதேன் என்னும் பிளாஸ்டிக் வகைப் பூச்சைத் தடிமனாக ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும். பிரம்பின் மேல்தோல் இயல்பிலேயே வழுவழுப்பானது. நீரை உறிஞ்சுவது அதன் உட்புறம். தொய்ந்த இருக்கையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்கு நனைத்து, யாரும் உட்காராமல் காயவிட்டால், பட்டை சுருங்கிப் பெருமளவு மீண்டும் இறுகும். இரு புறமும் பூச்சு பூசிவிட்டால் இந்த எளிய வழி அடைபட்டுப்போகும். எந்நேரமும் குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் பட்டை நொறுங்கும் தன்மை பெறுவதால், அத்தகைய இடங்களில் அவ்வப்போது அடிப்புறத்தை நனைப்பது அவசியம். மழை படும் திண்ணைக்கோ, நேர்வெயில் விழும் மாடிக்கோ பிரம்பைப் பரிந்துரைக்கவே கூடாது.

ஆயத்தப் பின்னல் விரிப்பைச் சட்டத்தின் பள்ளத்தில் பதிப்பவர்கள் நீரில் இளகாத எபாக்சிப் பசையைப் பயன்படுத்துவதுண்டு. அதுவும் தவறு. பின்னல் தேயும் பொருள். அதைத் தாங்கும் தேக்குச் சட்டமோ பல தலைமுறைக்கு நிற்கக்கூடியது. நீரில் இளகும் வெள்ளைப் பசையால் ஒட்டினால், பழைய விரிப்பை எடுத்துவிட்டு அதே பள்ளத்தில் புதியதைப் பதிக்கலாம். எபாக்சியால் ஒட்டினால் பள்ளத்தையே உளியால் செதுக்கி எடுக்க நேரிடும்.