டர்போ காருக்கு ட்யூன் செய்யும் முன் காற்றுக் கசிவைப் பாருங்கள்

இன்டேக் (காற்று உள்ளே வரும் குழாய்), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) என்று இரண்டு மூன்று பாகங்கள் மட்டும் மாற்றிய டர்போ காருக்குக் கஸ்டம் ட்யூன் (எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ.வின் அமைப்பை அந்தக் காருக்கென்றே மாற்றுவது) செய்யப் போகிறீர்களா? முதலில் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களில் புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிப்பது) செய்துவிடுங்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஒரு கிளாம்ப் லேசாகத் தளர்ந்திருந்தாலே போதும், அழுத்திய காற்று வழியிலேயே வெளியேறும். கேட்ட பூஸ்டை (கூடுதல் காற்றழுத்தத்தை) தர டர்போ கூடுதலாகச் சுழன்று சூடாகும். அந்தக் கசிவோடு செய்த ட்யூன், கசிவை அடைத்ததும் பொருந்தாமல் போய்விடும்.

அப்புறம் ஸ்பார்க் பிளக். பூஸ்ட் ஏற ஏறப் பொறி தாண்டுவது கடினம். பிளக் முனைகளின் இடைவெளி அகலமாக இருந்தால் மிஸ்ஃபயர் ஆகும், அதாவது எரிபொருள் சரியாகப் பற்றாது. எவ்வளவு குறைக்கலாம் என்று ட்யூனரையே கேளுங்கள்.

டேங்கில் நீங்கள் தினமும் போடும் அதே ஆக்டேன் பெட்ரோல்தான் இருக்க வேண்டும். 98க்கு ட்யூன் செய்துவிட்டு 95 போட்டால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வரும், பிஸ்டனுக்கே ஆபத்து.

லாக் (ஓட்டத்தின்போது எஞ்சின் தரவைப் பதிவு செய்வது) எடுக்க டைனோதான் (காரை நிறுத்திய இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் கருவி) சரியான இடம், பொதுச் சாலை வேண்டவே வேண்டாம். 3ஆவது அல்லது 4ஆவது கியரில், தாழ்ந்த ஆர்.பி.எம்.மிலிருந்து ரெட்லைன் (எஞ்சினின் உச்ச வேக எல்லை) வரை ஒரே மிதி. ஒரு தடவை பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இன்டர்கூலர் சூடான பிறகு மூன்றாவது ஓட்டத்தில்தான் உண்மை தெரியும். நாக்கிங்கைத் தவிர்க்க ஈ.சி.யூ. ஒரே சிலிண்டரில் இக்னிஷன் டைமிங்கை (பொறி விடும் நேரத்தை) திரும்பத் திரும்பப் பின்தள்ளினால், பூஸ்டைக் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஒரிஜினல் ஈ.சி.யூ. ஃபைலின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.